மூடிய பாலத்தைச் செயலிக்கு யார் சொல்வது?

ஹைதராபாத்தின் ராயதுர்கம் அருகே உள்ள பயோடைவர்சிட்டி சந்திப்பில் தரைமட்டச் சாலைக்கு மேலே ஒரு மேம்பாலமும், அதற்கும் மேலே இன்னொரு மேம்பாலமும் செல்கின்றன. மாலையில் ஹைடெக் சிட்டி, கச்சிபௌலி அலுவலகங்கள் கலையும் நேரத்தில் கார்களும் பைக்குகளும் ஷேர் ஆட்டோக்களும் ஆர்டிசி பேருந்துகளும் ஒன்றையொன்று நெருக்கியபடி இந்தச் சந்திப்பை நோக்கி ஊர்கின்றன. பாலத்தில் ஏறுவதா, கீழ்ச் சாலைக்கு ஒதுங்குவதா என்பதை ஓட்டுநர் முடிவுசெய்ய வேண்டிய இடமோ சில நொடிகளில் கடந்துவிடுகிறது. அந்த நொடிகளில், ஹோல்டரில் மாட்டிய கைபேசியின் திரையில் மேலும் கீழுமாக உள்ள சாலைகள் ஏறக்குறைய ஒரே கோடாகத் தெரிகின்றன. ஜிபிஎஸ், அதாவது செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் முறை, திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசியில் சுமார் 5 மீட்டர் வரை பிசகக்கூடியது. உயரத்தைக் கணிப்பதில் அதன் பிசகு இன்னும் அதிகம். கான்கிரீட் தூண்களில் சமிக்ஞை பட்டுத் தெறிக்கும்போது மேலும் கூடும். வண்டி பாலத்தின் மேலே போகிறதா, அடியிலா என்று செயலிக்கே உறுதியாகத் தெரியாத இடத்தில், தவறவிட்ட ஒரு திருப்பம் பல கிலோமீட்டர் சுற்றாக முடிகிறது.

கூகுள் மேப்ஸா, மேப்பிள்ஸா, ஆப்பிள் மேப்ஸா என்ற கேள்வி அலுவலக உணவு மேசைகளிலும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்று சூடாகப் பேசப்படுகிறது. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இந்தியச் செயலியான மேப்பிள்ஸைப் பயன்படுத்திப் பார்க்குமாறு காணொளி வெளியிட்ட பிறகு அந்தப் பேச்சில் சுதேசி உணர்வும் சேர்ந்துகொண்டது. ஆனால் திரையின் அழகையோ குரலின் இனிமையையோ நிறுவனத்தின் தாய்நாட்டையோ வைத்து மட்டும் இதைத் தீர்த்துவிட முடியாது. எந்தச் செயலியும் சாலையைத் தானாகப் பார்ப்பதில்லை, யாரோ சொல்லித்தான் அறிகிறது. எனவே ஒரு சாலையில் நடப்பதை எந்தச் செயலிக்கு யார் சொல்கிறார்கள், எவ்வளவு விரைவாகச் சொல்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வரைபடம் பிறக்கும் ஊர்

இந்தக் கேள்வியை எழுப்ப ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைப் பணியின் மரபைத் தாங்கும் இந்திய நில அளவைத் துறை, தன் அளவையாளர்களுக்குப் பயிற்சி தருவது இந்நகரின் உப்பல் பகுதியில்தான். இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் பாலாநகரில் இருக்கிறது. 2009இல் வெளியான புவன் என்ற இந்திய வரைபடத் தளம் அதன் ஆக்கம். கூகுள் 2004இல் இங்கே அலுவலகம் திறந்தது. ஆப்பிள் 2016 மே மாதத்தில், அதன் தலைவர் டிம் குக் நேரில் வந்திருக்க, தன் வரைபடப் பணிக்கென்றே இங்கு ஒரு மையத்தைத் தொடங்கியது. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு தெருவின் பெயர் திருத்தப்படும்போது அந்த வேலை இங்குள்ள ஒரு மேசையில் நடந்திருக்க வாய்ப்புண்டு. இருந்தும் இதே நகரின் சாலைகளில் செயலிகள் தடுமாறுகின்றன என்பது, வரைபடத் தொழில்நுட்பமும் சாலையைப் பற்றிய அன்றாடத் தகவலும் வெவ்வேறு பொருள்கள் என்பதைக் காட்டுகிறது.

2021 பிப்ரவரியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட புவியிடத் தரவு நெறிமுறைகள், அதுவரை முன் அனுமதி தேவைப்பட்ட வரைபடப் பணிகளை இந்திய நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டன. பாதுகாப்புக் காரணங்களால் முன்பு தடைபட்டிருந்த ஸ்ட்ரீட் வியூ, அதாவது தெருவை நின்று பார்ப்பதுபோல் காட்டும் ஒளிப்படத் தொகுப்பு, 2022 ஜூலையில் இந்திய நிறுவனங்களின் துணையோடு ஹைதராபாத் உள்ளிட்ட 10 நகரங்களில் வந்தது. இன்றைய போட்டிக்குக் களம் அமைந்தது இப்படித்தான்.

பெட்டிச் செய்தி: களத்தில் இருப்பவை

கூகுள் மேப்ஸ்: 2005இல் தொடங்கியது. இருசக்கர வாகனங்களுக்கான தனி வழிகாட்டலை 2017 டிசம்பரில் முதன்முதலாக இந்தியாவில் அறிமுகப்படுத்தியது.

மேப்பிள்ஸ்: 1995 முதல் இயங்கும் மேப் மை இந்தியா நிறுவனத்தின் செயலி. மேம்பாலச் சந்திப்புகளை முப்பரிமாணப் படமாகக் காட்டுவதும், வேகத்தடை, பள்ளம், கூர்வளைவு ஆகியவற்றை முன்கூட்டிச் சொல்வதும் இதன் சிறப்பு.

ஆப்பிள் மேப்ஸ்: 2012 முதல். முதன்மையாக ஆப்பிள் கருவிகள் வைத்திருப்போருக்கானது.

வேஸ்: இஸ்ரேலில் பிறந்து 2013இல் கூகுள் வசமானது. ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் தரும் எச்சரிக்கைகளே இதன் உயிர். இந்தியாவில் பயன்படுத்துவோர் குறைவு.

ஓலா மேப்ஸ்: 2024 ஜூலையில் ஓலா நிறுவனம் கூகுளைக் கைவிட்டுத் தன் வாடகை வண்டிகளுக்கு இதை ஏற்றுக்கொண்டது. அதே மாதத்தில் கூகுள் இந்திய நிறுவனங்களுக்கான தன் வரைபடச் சேவைக் கட்டணத்தை 70 விழுக்காடு வரை குறைப்பதாக அறிவித்தது.

ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மேண்ட்: தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தைக் கொண்டவை, இணையம் இல்லாமலும் வழிகாட்டும், நேரடி நெரிசல் நிலவரத்தைப் பொதுவாகத் தருவதில்லை.

கூட்டம் உள்ள இடத்தில் கூட்டமே சாட்சி

திரையில் சாலை சிவப்பாக மாறுவது எப்படி என்று தெரிந்துகொண்டால் தேர்வு பாதி எளிதாகிவிடும். இருப்பிடத் தகவலை அனுப்ப அனுமதித்திருக்கும் கைபேசிகள் எந்த வேகத்தில் நகர்கின்றன என்பதைத் தொகுத்து, வழக்கமான வேகத்தோடு ஒப்பிட்டே நெரிசல் கணிக்கப்படுகிறது. 2020 பிப்ரவரியில் ஜெர்மானியக் கலைஞர் சைமன் வெக்கெர்ட், 99 கைபேசிகளைச் சிறிய கைவண்டியில் ஏற்றி பெர்லினின் வெறிச்சோடிய தெருவில் இழுத்துச் சென்று, கூகுள் வரைபடத்தில் அந்தத் தெருவைச் சிவப்பாக்கிக் காட்டினார். கைபேசிகளின் நகர்வை மட்டுமே அறியும் செயலிக்கு அதன் காரணம் தெரியாது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

இதனால் நெரிசல் கணிப்பில் அதிகப் பயனாளர்கள் உள்ள செயலிக்கே இயல்பாக முன்னிலை கிடைக்கிறது. கூகட்பள்ளியிலிருந்து மாதாபூர் வரை காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு நேரமாகும் என்பதில் கூகுள் பொதுவாக மற்றவற்றைவிட நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், சாலை நெடுகிலும் அதற்குச் செய்தி சொல்லும் கைபேசிகள் எண்ணிறந்து இருப்பதே. சிறிய செயலியை ஒருவர் கைவிடும்போது அதன் ஒரு சாட்சி குறைகிறது, பெரிய செயலிக்கு ஒரு சாட்சி கூடுகிறது. இந்தச் சுழற்சியைப் பரிந்துரைகளால் மட்டும் உடைப்பது எளிதன்று. ஆனால் கூட்டத்தின் சாட்சியம் நெரிசலுக்கே பொருந்தும். மேம்பாலத்தின் எந்த வரிசையில் நிற்க வேண்டும், வேகத்தடை எங்கே இருக்கிறது என்பவை களத்தில் போய் அளந்து சேகரிக்க வேண்டிய தகவல்கள். அவற்றில் பல ஆண்டுகளாக இந்தியச் சாலைகளை அளந்துவரும் மேப்பிள்ஸ் வலுவாக நிற்கிறது. கூகுளும் 2024 ஜூலையில் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்பதைத் தனியாகச் சொல்லும் வசதியை 40 இந்திய நகரங்களில் கொண்டுவந்தது என்பது, இதில் தனக்குள்ள குறையை அதுவும் உணர்ந்திருந்தது என்பதற்கான சான்று.

குறுக்குச் சந்து யாருடையது?

செயலி நெரிசலை அறிந்ததும் செய்வது மாற்றுவழி தேடுவது. அதன் கணக்கில் சந்திப்புகள் புள்ளிகள், சாலைகள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் கடக்கும் நேரம் என்றொரு மதிப்பு. நெதர்லாந்தின் கணினியியலாளர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட மிகக் குறுகிய பாதையைக் காணும் முறையின் வழிவந்த கணக்கீடுகளே இன்றும் இதற்கு அடிப்படை. பள்ளிக்கூட வாசல், முதியோர் நடக்கும் காலனித் தெரு, காய்கறி வண்டி நிற்கும் முனை ஆகியவை அந்தக் கணக்கில் இடம்பெறுவது அரிது. இரண்டு நிமிடம் மிச்சமென்றால் பஞ்சாரா ஹில்ஸின் உள்தெருவும் அமீர்பேட்டையின் சந்தும் நெடுஞ்சாலைக்குச் சமமாகிவிடுகின்றன.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லியோனியா என்ற சிற்றூர், செயலிகள் திருப்பிவிட்ட வண்டிகளின் தொல்லை தாங்காமல் 2018 ஜனவரியில் தன் 60 தெருக்களை நெரிசல் நேரங்களில் வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. அங்கே நகர மன்றம் செய்ததை ஹைதராபாத்தில் குடியிருப்போர் சங்கங்கள் இரும்புக் கதவுகளால் செய்கின்றன. இரவில் பூட்டப்படும் காலனிக் கதவு பெரும்பாலும் வரைபடத்தில் இல்லாததால், செயலியை நம்பி வந்த வண்டி கதவின் முன் நின்று, திரும்ப இடமின்றிப் பின்னோக்கி ஊர்ந்து வெளியேற வேண்டியிருக்கிறது. செகந்தராபாத் கண்டோன்மெண்டில் இச்சிக்கல் இன்னும் பெரியது. ராணுவக் கட்டுப்பாட்டில் உள்ள சாலைகள் பொதுமக்களுக்கு மூடப்படுவதும், பின்பு திறக்கப்படுவதும், மீண்டும் நேரக் கட்டுப்பாட்டோடு அடைக்கப்படுவதும் அங்கே பல ஆண்டுகளாகத் தொடரும் விவகாரம். அப்பகுதியில் வசிப்பவர்கள் செயலியைத் திறப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

சந்தின் அகலமும் ஒரு கேள்வி. சார்மினாரைச் சுற்றிய பழைய நகரத்தில் இருசக்கர வண்டி எளிதில் நுழையும் தெருவில் கார் சிக்கிக்கொள்ளும். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், விரைவான வழியென்று செயலி காட்டியதை நம்பிய சுற்றுலாப் பயணிகளின் கார் செங்குத்தான படிக்கட்டில் இறங்கி நின்றது. அதே ஆண்டு ஜூலையில் கூகுள், செயற்கைக்கோள் படங்களையும் தெருப் படங்களையும் கொண்டு சாலையின் அகலத்தை மதிப்பிட்டு, கார்களைக் குறுகிய தெருக்களிலிருந்து விலக்கும் ஏற்பாட்டை ஹைதராபாத், சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட எட்டு நகரங்களில் தொடங்கியது. அந்த ஏற்பாடு கார் முறையில்தான் வேலை செய்யும். பைக் முறையை மாற்ற மறந்து காரில் ஏறியவரை அது காக்காது. மறுதலையாக, இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லாத 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலைக்கு பைக் ஓட்டுநரைக் கார் முறை இட்டுச்செல்லக்கூடும். வேகமான தடங்களில் மணிக்கு 120 கிலோமீட்டர் அனுமதிக்கப்பட்ட சாலையில் இது உயிர்ப் பிரச்சினை. எனவே எந்தச் செயலியானாலும் முதலில் சரிபார்க்க வேண்டியது வண்டியின் வகை.

தண்ணீர் மூடிய சாலை

இவை யாவும் நேரத்தையும் பொறுமையையும் தின்பவை. மழைக்காலத்தில் கேட்கப்படும் விலை வேறு. 1908 செப்டம்பர் வெள்ளம் ஹைதராபாத்தைச் சிதைத்த பிறகு உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம் 1920இலும் ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கம் 1927இலும் கட்டிமுடிக்கப்பட்டன. இன்றும் கனமழையில் அவற்றின் மதகுகள் திறக்கப்படும்போது மூசி ஆற்றின் தாழ்வான பாலங்கள் மூழ்குகின்றன. 2020 அக்டோபர் 13 இரவில் அப்பா செருவு ஏரி உடைத்துக்கொண்டு, விமான நிலையத்துக்குச் செல்லும் வழியான ககன்பஹாட் அருகே பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை மீதே வெள்ளம் பாய்ந்து வண்டிகளை அடித்துச் சென்றது. 2025 செப்டம்பர் இறுதியில் மகாத்மா காந்தி பேருந்து நிலைய வளாகத்துக்குள் மூசி புகுந்தது. மூசாரம்பாக், சாதர்காட் பாலங்களில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

இத்தகைய நேரத்தில் நெரிசல் கணிப்பின் அடிப்படை தர்க்கமே ஓட்டுநருக்கு எதிராகத் திரும்பக்கூடும். வெள்ளத்தால் வண்டிகள் செல்லாத சாலையில் கைபேசிகள் இல்லை. கைபேசிகள் இல்லாத சாலையில் நெரிசலுக்கான சாட்சியம் இல்லை. மூடல் பற்றி யாரும் தெரிவிக்காத வரை அந்தச் சாலை காலியாக, ஆகவே விரைவானதாகத் தோன்ற இடமுண்டு. 2024 மே மாதத்தில் ஹைதராபாத்திலிருந்து கேரளம் சென்ற நால்வரின் கார், கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறை அருகே செயலி காட்டிய வழியில் சென்று பெருக்கெடுத்த நீரோடையில் இறங்கியது. மழைநீர் சாலையை மறைத்திருந்தது, ஊரோ புதிது. நால்வரும் உயிர்பிழைத்தனர், கார் முழுகியது. அதற்கு முந்தைய 2023 அக்டோபர் முதல் நாள் அதிகாலையில் கொச்சி அருகே கோதுருத்தில் பெரியாற்றில் கார் பாய்ந்து இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தனர். அதன்பின் கேரளக் காவல்துறை மழைக்காலத்தில் செயலிகளைப் பயன்படுத்துவது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே நேர்ந்ததை இந்த விவாதத்தின் மையத்தில் வைக்க வேண்டும். ராமகங்கை ஆற்றின் மீதான பாலத்தின் ஒரு பகுதியை முன்பே வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. அந்தச் செய்தி வழிகாட்டிச் செயலிக்குப் போய்ச் சேரவில்லை. செயலியை நம்பிச் சென்ற கார் பாலத்தின் அறுந்த முனையிலிருந்து ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். காவல்துறை தன் வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களையும், பெயர் குறிப்பிடாமல் கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவரையும் சேர்த்தது. வழக்கின் முடிவு எதுவானாலும் அது எழுப்பிய கேள்வி சரியானது: பாலம் அறுந்ததைச் சாலையில் தடுப்பு வைத்துச் சொல்ல வேண்டிய துறை ஒன்று இருக்கிறது, அதையே வரைபடத்துக்கும் சொல்ல வேண்டியது யாருடைய கடமை என்று தெளிவாக வகுக்கப்படவில்லை.

பெட்டிச் செய்தி: மழை நாளில்

புறப்படும் முன் நகரக் காவல்துறையின் போக்குவரத்து அறிவிப்பைப் பார்க்க வேண்டும். கனமழையின்போது செயலியில் முதலில் வரும் குறுக்குவழியைத் தவிர்த்து, நீளமானாலும் முதன்மைச் சாலையைத் தேர்வது நல்லது. தண்ணீர் ஓடும் பாலத்திலும் தரை தெரியாத சுரங்கப்பாதையிலும் வண்டியை இறக்கக் கூடாது. திரை என்ன காட்டினாலும் சரி. செல்லும் பகுதியின் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திருந்தால் இணையம் அறுந்தாலும் வழி தெரியும். நீர் தேங்கிய சாலையைச் செயலியில் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது. வண்டியை நிறுத்திய பிறகு அதைச் செய்யலாம்.

கடைசி நூறு மீட்டர்

ஜூபிலி ஹில்ஸில் பல முகவரிகள் 8-2-293/82 என்ற ஒரே எண்ணில் தொடங்குகின்றன. பஞ்சாரா ஹில்ஸின் எண்ணிட்ட சாலைகள் எண் வரிசைப்படி அடுத்தடுத்து அமையவில்லை. ஆகவே கோயிலுக்கு எதிரே, பெட்ரோல் பங்கை அடுத்து என்று அடையாளம் சொல்லித்தான் வீடுகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. இக்குறையை நீக்க அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத்துடனும் தேசியத் தொலையுணர்வு மையத்துடனும் சேர்ந்து உருவாக்கிய டிஜிபின் 2025 மே மாதத்தில் வெளியானது. நாட்டை ஏறத்தாழ 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு தரும் முறை இது. மேப்பிள்ஸுக்கும் கூகுளுக்கும் தத்தம் குறியீடுகள் உண்டு. அவசர ஊர்தி வர வேண்டிய வீட்டில் இவற்றில் ஒன்றையாவது எழுதி வாசலருகே ஒட்டிவைப்பது வீண்போகாது.

எதை வைத்துக்கொள்வது?

தினமும் ஒரே வழியில் அலுவலகம் செல்பவருக்கு வழிகாட்டல் தேவையில்லை. புறப்படும் முன் நெரிசல் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், அதற்குக் கூகுளே இன்று முந்துகிறது. மேம்பாலங்கள் பின்னிக்கிடக்கும் மேற்கு ஹைதராபாத்தில் பழக்கமில்லாத வழியில் செல்வோருக்கும், வேகத்தடை மிகுந்த வெளியூர்ச் சாலைகளில் இரவில் ஓட்டுவோருக்கும் மேப்பிள்ஸின் சந்திப்புப் படங்களும் எச்சரிக்கைகளும் பயன் தருபவை. விகாராபாத் பக்கமோ ஸ்ரீசைலம் காட்டு வழியிலோ செல்பவர், இணையம் இல்லாமல் இயங்கும் மூன்றாவது ஒன்றைத் தரவிறக்கி வைத்திருக்க வேண்டும். இரண்டு செயலிகள் ஒரே வழியைக் காட்டினால் நம்பிக்கை கூடுகிறது. வேறுபட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஆட்டோ நிலையத்தில் ஒருவரைக் கேட்பதற்கான நேரம் அது.

2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதி, ஓட்டும்போது கைபேசியை வழி அறிய மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்த அனுமதிக்கிறது. தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ நினைப்பவருக்கு ஆங்கிலக் குரல் கட்டளையைப் புரிந்துகொள்ள ஒரு நொடி கூடுதலாக ஆகும். அந்த நொடியில்தான் மேம்பாலப் பிரிவு கடந்துபோகிறது. தன் மொழிக் குரலை அமைப்புகளில் தேடி வைத்துக்கொள்வது இதனால் வசதியைத் தாண்டிப் பாதுகாப்பும் ஆகும்.

இந்த எல்லாத் தேர்வுகளுக்குப் பிறகும் பரேலி எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. ஓட்டுநர்களின் கைபேசித் தரவைக் கொண்டு சிக்னல் நேரத்தைச் சீரமைக்க யோசனை சொல்லும் கூகுளின் கிரீன் லைட் திட்டத்தில் ஹைதராபாத்தும் இடம்பெற்றது. அதாவது நிறுவனத்திடமிருந்து நகரத்துக்குத் தகவல் வரும் பாதை இருக்கிறது. எதிர்த்திசைப் பாதைக்கும் முன்மாதிரி உண்டு: 2014இல் வேஸ் தொடங்கிய கூட்டு ஏற்பாட்டின் வழியே ரியோ டி ஜெனிரோ போன்ற நகரங்கள் தம் சாலை மூடல்களை நேரடியாக வரைபடத்துக்கு அனுப்பின. இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடன் இத்தகைய பகிர்வை 2025 நவம்பரில் கூகுள் அறிவித்தது. நகரச் சாலைகளில் மூடல் அறிவிப்புகள் பெரும்பாலும் சமூக ஊடகங்களில் படங்களாகவே வெளியாகின்றன. மனிதர் படிக்கலாம், செயலிகள் எடுத்துக்கொள்ள ஏற்ற வடிவம் அதுவன்று. மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் சாலை, இடம், மூடிய நேரம், திறக்கும் நேரம் என்ற நான்கே விவரங்களை ஒரே பொது வடிவத்தில், எல்லா நிறுவனங்களும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டால் போதும். இதற்குப் புதிய செயற்கைக்கோளோ பெரும் செலவோ வேண்டாம். மழை இரவில் மூசியின் பாலமொன்றின் குறுக்கே இரும்புத் தடுப்பை இழுத்து வைக்கும் காவலரின் சட்டைப் பையிலேயே கைபேசி இருக்கிறது. இன்று அவர் அதை எடுத்துச் செயலியில் பதிவுசெய்தால், வழிப்போக்கர் ஒருவரின் பதிவாகத்தான் அது போய்ச் சேரும்.